சின்னப் பிள்ளைகளோடு நோர்வேயின் இயற்கைக் காப்பகத்தில் நடக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்லோவுக்கு நான் வந்து பதினான்கு வருடம். வெயில் தலைகாட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள்தான் வரும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பெற்றோர், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வருகிற மச்சாள், போன மாதம்தான் வேலை கிடைத்து வந்திறங்கிய தம்பி, எல்லோரும் கேட்பது பிள்ளைகளை எங்கே நடக்கக் கூட்டிப்போவது என்றுதான். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், பத்து வயதும் ஐந்து வயதும். அவர்கள் இல்லாமல் நடப்பவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது.

நான்கு வயதுப் பிள்ளையோடு முதலில் பிரேக்கஸ்தூலன் பாறைக்குப் போகலாமா? எல்லோரும் அங்கேதானே படம் எடுக்கிறார்கள்?

அந்த வயதிலா? வேண்டாம். 604 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் பாறை விளிம்பில் கம்பி வேலி கிடையாது. போய்வர எட்டுக் கிலோமீட்டர், பாதி வழி கல்லுப்படி, நான்கு மணித்தியாலம் என்பது பெரியவர்களின் கணக்கு. போன பலர் பிள்ளையைத் தோளில் சுமந்த கதையைத்தான் வந்து சொன்னார்கள். ஒஸ்லோவில் இருக்கிறவர்கள் ஓஸ்தென்ஷோவன்னே ஏரியில் தொடங்குங்கள். நகரத்துக்குள்ளேயே இருக்கும் இயற்கைக் காப்பகம், சுற்றிவர நான்கு கிலோமீட்டர் பக்கம், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இயற்கைக் காப்பகம் என்பதும் தேசியப் பூங்கா என்பதும் ஒன்றா?

இல்லை, பலர் குழப்பிக்கொள்வது இதில்தான். தேசியப் பூங்கா என்றால் பெரிய பரப்பு, மலை, காடு என்று விரிந்து கிடக்கும். காப்பகம் பெரும்பாலும் சின்னது: ஒரு சதுப்பு, ஒரு ஏரி, பழைய காட்டின் ஒரு துண்டு. ஆனால் நோர்வேச் சட்டத்தில் நிலப்பகுதிகளுக்குக் கொடுக்கும் பாதுகாப்புகளில் மிகக் கடுமையானது இந்தச் சின்னதுக்குத்தான். ஓஸ்தென்ஷோவன்னே 1992இல் காப்பகமானது. அதைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள், ஒரு பக்கம் கார் ஓடும் வீதி, நடுவில் பறவைகள் கூடு கட்டுகின்றன. காடு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றம்தான், பிறகு சரியாகிவிடும்.

நோர்வேயில் எங்கும் நடக்கலாம், எங்கும் கூடாரம் போடலாம் என்கிறார்களே. பிறகு எதற்கு விதி?

அது 1957ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்த உரிமை, இங்கே அல்லெமன்ஸ்ரெத்தன் என்பார்கள். தனியார் காடு என்றாலும் வேலி போட்ட தோட்டமோ பயிர் நிலமோ இல்லாத இடத்தில் நடக்கலாம், வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம், ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை யாரையும் கேட்க வேண்டாம். எங்கள் ஊரில் அடுத்த வளவுக்குள் பந்து விழுந்தாலே எடுக்கப் பயந்தவர்கள் நாங்கள், இதைக் கேட்டதும் வாய் பிளந்தோம்.

காப்பகத்துக்குள் இந்த உரிமை அப்படியே செல்லாது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் தனித்தனியாக எழுதிய விதி உண்டு. ஓரிடத்தில் கூடாரம் கூடாது, இன்னோரிடத்தில் கூடு கட்டும் மாதங்களில் பாதையை விட்டு இறங்கவே கூடாது, வேறோரிடத்தில் ட்ரோன் தடை. பூப் பறிப்பது, கிளை முறிப்பது எல்லாம் பொதுவாகவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவில் வரைபடத்தோடு ஒரு பலகை நிற்கும், அதை நின்று வாசியுங்கள். என் மூத்தவனுக்கு நோர்வேஜிய மொழி வாசிக்க வந்த நாளிலிருந்து அதை வாசிப்பது அவன் வேலை. வாசித்து முடித்ததும் அவன் பொலிஸ்காரன் ஆகிவிடுவான், தகப்பனைத்தான் முதலில் பிடிப்பான்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு: ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாடு முழுக்க நாயைக் கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும். காப்பகத்தில் வருடம் முழுக்கவே கயிற்றை அவிழ்க்காமல் இருப்பது நல்லது.

எப்படிப் போவது?

சுரங்க ரயில் 3ஆம் இலக்கம், மோர்டென்ஸ்ருட் பக்கம் போவது. ஒப்சால், உல்ஸ்ருட், போலர் எதில் இறங்கினாலும் ஏரிக்கு இறக்கத்தில் நடந்துவிடலாம். திரும்பும்போது அதே இறக்கம் ஏற்றமாகும், களைத்த பிள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் கீழ் பயணச்சீட்டு வேண்டாம்.

தள்ளுவண்டி போகுமா? ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அவரால் முடியுமா?

இரண்டுக்கும் ஆம். பாதை அகலமானது, நெடுக வாங்கு போட்டிருக்கிறது. எங்கள் அம்மா சேலையோடு, மேலே என் குளிர் அங்கியும் காலில் என் மகனின் சப்பாத்துமாக முழுச் சுற்றும் வந்தார். ஒவ்வொரு வாங்கிலும் இருந்து இருந்து வந்ததால் மூன்று மணித்தியாலம் எடுத்தது. சின்னவளுக்கும் அந்த வேகம்தான் பிடித்திருந்தது.

அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் முதல் இரண்டு தடவை ஒன்றும் பார்க்காமல் சுற்றி வந்தவன்தான்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை போங்கள். நாணல் ஓரத்தில் கறுப்பாக, கோழி அளவில் ஒன்று நீந்தும், நெற்றியில் மட்டும் வெள்ளை. இதற்குத் தமிழில் நாமக்கோழி என்று பெயர், நெற்றியில் நாமம் போட்டது மாதிரி இருப்பதால். நோர்வேக்காரர் இதை சூத்ஹோனே என்பார்கள், கரிக்கோழி என்று அர்த்தம். நாங்கள் வெள்ளையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம், அவர்கள் கறுப்பைப் பார்த்து. இதைச் சொன்ன நாளிலிருந்து சின்னவள் ஏரிக்குப் போகலாமா என்று கேட்பதில்லை, நாமக்கோழி வீட்டுக்குப் போகலாமா என்றுதான் கேட்பாள். நாமக்கோழிகள் இடத்துக்குச் சண்டை போடுவதையும் பாருங்கள். தண்ணீரில் மல்லாந்து, இரண்டு காலையும் தூக்கி ஒன்றையொன்று உதைக்கும். அந்தக் கால் வாத்தின் கால் மாதிரிச் சவ்வு சேர்ந்தது இல்லை, ஒவ்வொரு விரலும் இலை மாதிரித் தனித்தனியாக மடல் விட்டிருக்கும். கரைக்கு ஏறி நிற்கும்போது தெளிவாகத் தெரியும்.

அடுத்தது கொண்டை முக்குளிப்பான். நீண்ட வெள்ளைக் கழுத்து, தலையில் இரண்டு கொம்பு மாதிரிக் கொண்டை. இணை சேரும் காலத்தில் இரண்டும் எதிரெதிரே வந்து கண்ணாடி பார்ப்பதுபோலத் தலையை ஆட்டும், ஒன்று இடப்பக்கம் திரும்பினால் மற்றதும் திரும்பும். குஞ்சு பொரித்த பிறகு இன்னும் நன்றாக இருக்கும், தலையில் வரிக்குதிரைக் கோடு போட்ட குஞ்சுகள் தாயின் முதுகில் சிறகுக்குள் ஏறி இருந்து சவாரி போகும், தலை மட்டும்தான் வெளியே. ஒரு நாள் தாய் ஒரு மீனைப் பிடித்துக் குஞ்சுக்கு நீட்ட, மீன் குஞ்சின் வாய்க்குப் பெரிதாகி, திரும்பத் திரும்ப விழ, தாய் திரும்பத் திரும்ப மூழ்கி எடுத்துக் கொடுக்க, என் பிள்ளைகள் நாற்பது நிமிடம் அசையவில்லை. அன்றைக்கு நாங்கள் நடந்த தூரம் அறுநூறு மீட்டர் இருக்கும்.

சாம்பல் நாரை, சாம்பல் நிறக் காட்டு வாத்து, கூட்டமாகக் கத்தும் கறுத்தத் தலைக் கடற்காகம் எல்லாம் உண்டு. தொலைநோக்கி ஒன்று வாங்குங்கள், மலிவானதே போதும்.

வாத்துக்குப் பாண் போடலாமா?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் போட்டவன்தான். ஆனால் அது ஆழமில்லாத ஏரி, ஏற்கெனவே சத்து மிஞ்சிப் பாசி பிடிக்கிற தண்ணீர். நாங்கள் போடும் பாணும் வாத்துகள் தின்று போடும் எச்சமும் அதையே கூட்டும். கோடையில் அவற்றுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமும் இல்லை.

அந்த ஏரியில் நீந்தலாமா?

இல்லை. நீந்துவதற்கு அதே ரயில் பாதையின் மற்றப் பக்கத்தில் உல்ஸ்ருட்வன், நோக்லெவன் என்று காட்டு ஏரிகள் உண்டு. தண்ணீர் ஜூலையிலும் எங்களுக்குக் குளிர்தான், பிள்ளைகளுக்கு ஏனோ குளிர்வதே இல்லை.

ஏரியைச் சுற்றி அலுத்துவிட்டது. அடுத்த படி என்ன?

நோக்லெவன். இது ஓஸ்ட்மார்க்கா காட்டுக்குள் இருக்கிறது, நான் சொன்ன காப்பகத்தைச் சேர்ந்தது இல்லை, அதனால் விதி கொஞ்சம் தளர்வு. முழுச் சுற்று ஏழெட்டுக் கிலோமீட்டர், ஐந்து வயதுக்கு அது முழு நாள் வேலை. எங்களைப் போல அரைவாசி செய்யுங்கள்: ருஸ்தாத்சாகா என்ற காட்டுச் சாப்பாட்டுக் கடைவரை போய், வாஃபல் சாப்பிட்டு, தண்ணீரில் கல் எறிந்துவிட்டுத் திரும்புவது.

முழுச் சுற்றும் போகிறவர்கள் சாராப்ரோத்தனில் நில்லுங்கள். தோமஸ் ஹெஃப்த்யே என்ற வங்கிக்காரர் அங்கே கோடை மாளிகை வைத்திருந்தார். 1868இல் நோர்வே மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இன்றைக்கு நாடு முழுக்கப் பாதை குறியிடுவதும் மலைக் குடிசை நடத்துவதும் அந்தச் சங்கம்தான். மாளிகை இப்போது இல்லை, நகரத்தின் குடிதண்ணீருக்காக அந்த நிலத்தை வாங்கிய பிறகு அது போய்விட்டது. வந்துபோன அரச விருந்தாளிகளின் பெயர் வெட்டிய நடுகற்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. பிள்ளைகளுக்கு ஒளித்துப் பிடித்து விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது.

மரத்தில் நீலப் பூச்சு, சிவப்புப் பூச்சு இருக்கிறதே, நீலம் என்றால் சுலபமா?

இல்லை, இதில் நானே ஏமாந்தேன். ஒஸ்லோவைச் சுற்றிய காடுகளில் மரத்தில் நீலம் என்றால் கோடையில் நடக்கும் பாதை, சிவப்பு என்றால் பனிச்சறுக்குப் பாதை. சிவப்பைப் பிடித்துக் கோடையில் போனால் சதுப்பில் கால் புதையும், பனி உறைந்த பிறகு போக என்று போட்டது அது. கடினத்தைச் சொல்லும் நிறங்கள் வேறு, அவை பாதை தொடங்கும் பலகையிலும் வரைபடத்திலும் இருக்கும்: பச்சை சுலபம், நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு பழகியவர்களுக்கு. மலைகளில் கல்லில் போட்டிருக்கும் சிவப்பு ‘டி’ எழுத்து மேலே சொன்ன சங்கத்தின் குறி. சின்னப் பிள்ளைகளோடு பச்சையில் நில்லுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

என்ன உடுப்புப் போடுவது?

பருத்தி வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு, பிள்ளைக்கு நல்லது பருத்தி என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரின் வெயிலுக்கு அது சரி. இங்கே பருத்தி நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு அப்படியே ஒட்டிக் கிடக்கும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அது நனைந்தாலும் சூடு தரும். அதன் மேல் ஒரு தடித்த சட்டை, அதன் மேல் மழைக்கோட்டு.

மூத்தவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, காலை நல்ல வெயில் என்று ஜீன்ஸும் டீ-சட்டையுமாகக் கூட்டிப்போனேன். பாதி வழியில் மழை. அரை மணித்தியாலத்தில் உதடு நீலம் பாரித்து, பல் அடிக்கத் தொடங்கி, அழக்கூட முடியாமல் நின்றான். என் சட்டையைக் கழற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே வந்த ஒரு வயதான நோர்வே அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்து கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து அவன் தலையில் மாட்டிவிட்டுப் போனார். அந்தத் தொப்பி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஜூலையிலும் என் முதுகுப்பையில் ஒரு சோடி கம்பளிக் காலுறையும் தொப்பியும் கிடக்கும்.

சாப்பாடு?

தாராளமாகக் கட்டுங்கள், நினைப்பதில் இரண்டு மடங்கு. ரொட்டியும் சம்பலும், கிழங்கு வைத்த சாண்ட்விச், புளிச்சாதம், எதுவானாலும் கையால் உடனே எடுத்துச் சாப்பிடக்கூடியது. சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர். நோர்வே வழக்கப்படி தோடம்பழமும் க்விக் லுன்ஷ் சொக்கலேற்றும் வேண்டும். 1937இலிருந்து விற்கிற அந்தச் சொக்கலேற் நடைக்கென்றே ஆனது மாதிரி, பிள்ளைகள் அது இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். உட்கார ஆளுக்கொரு மடிப்பு மெத்தைத் துண்டு வாங்குங்கள், ஈரப் பாறையில் இருக்க அது இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. தோடம்பழத் தோலைப் போட்டுவிட்டு வராதீர்கள், இந்தக் குளிரில் அது மக்கக் காலம் எடுக்கும்.

பிள்ளை நடுவழியில் நடக்க மாட்டேன் என்று இருந்துவிட்டால்?

இருங்கள், நீங்களும். பத்தில் ஏழு தடவை பசிதான். மீதியில் இரண்டு, பெரியவர்கள் முன்னால் போய்க் கத்திக் கூப்பிடுவதால் வருகிற கோபம். பிள்ளையை முன்னால் விட்டு, வழி காட்டும் வேலையை அவர்களிடம் கொடுத்தால் கால் தானாக நடக்கும். எங்கள் சின்னவள் நீலப் பூச்சு மரங்களை எண்ணிக்கொண்டு போவாள், முப்பதுக்கு மேல் எண்ணத் தெரியாததால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

இதெல்லாம் பலிக்காவிட்டால் திரும்பிவிடுங்கள். நோர்வேயின் மலைநடை விதிகள் ஒன்பது, அதில் எட்டாவது இதுதான்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை.

ஓநாய் இருக்குமாமே? பாம்பு?

ஓநாய் ஓஸ்ட்மார்க்காவில் இருந்தது உண்மை, 2013இல் குட்டியும் போட்டது. ஒஸ்லோவின் ரயில் நிலையங்களிலிருந்து அவ்வளவு தூரமில்லாத காட்டில். ஆனால் மனிதரின் வாடை பட்டால் விலகிப் போகும் பிராணி அது, பாதையில் எதிரே வந்து நிற்காது. அதைவிடக் கோடைத் தொடக்கத்தில் கன்றோடு நிற்கும் எல்க் மான் தாயிடம் கவனமாக இருங்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.

பாம்பில் விஷமுள்ளது ஹுக்கொர்ம் என்ற ஒரு வகைதான், முதுகில் நெளிநெளியாகக் கோடு. வெயில் காயும் பாறையில் கிடக்கும், தானாகத் துரத்தி வராது. அதுவும் சட்டப் பாதுகாப்பில் இருப்பது, தடியெடுத்து அடிக்கக் கூடாது. கடித்தால் ஊர் வழக்கப்படி கட்டுப்போடுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பிள்ளையை ஆடாமல் வைத்துக்கொண்டு அவசர மருத்துவ இலக்கமான 113க்கு அழையுங்கள்.

நான் பயப்படுவது உண்ணிக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கழற்றி முழங்கால் மடிப்பு, கக்கம், காதுக்குப் பின்னால், தலைமயிர் ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடலாம், எண்ணெய் வெண்ணெய் பூசிக் காத்திருக்க வேண்டாம். பிறகு சில கிழமைகளுக்குள் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழம் பறிக்கலாமா? நெருப்பு மூட்டலாமா?

காட்டில் காட்டு நீலப்பழம் ஜூலைக் கடைசியிலிருந்து பறிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வாய், நாக்கு, பல், வெள்ளைச் சட்டை எல்லாம் ஊதா நிறமாகும். காப்பகத்துக்குள் என்றால் பலகையைப் பார்க்க வேண்டும், பல இடங்களில் பழத்துக்கும் காளானுக்கும் அனுமதி உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் உண்டு என்று நினைக்கக் கூடாது. நெருப்பு ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டின் அருகிலும் பொதுவாகத் தடை. ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கோழி சுட்டுக் காட்ட ஆசை வரும், அதற்கு நகரப் பூங்காவுக்குப் போங்கள்.

குளிர்காலத்தில்?

போகலாம், ஆனால் டிசம்பரில் ஒஸ்லோவில் மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். பதினொரு மணிக்குக் கிளம்புங்கள், எல்லோருடைய அங்கியிலும் ஒளி திருப்பும் பட்டி தொங்கட்டும்.

ஒஸ்லோவுக்கு வெளியே ஒன்று சொல்லுங்கள்.

காரில் ட்ரொன்ஹைம் போகிறவர்கள் டொம்போஸ் தாண்டியதும் ஃபொக்ஸ்துமீராவில் நில்லுங்கள். கடல் மட்டத்திலிருந்து 950 மீட்டர் அளவில் ஒரு பெரிய சதுப்பு. 1921இல் டோவ்ரே ரயில் பாதை இதன் ஓரமாகப் போனது, சதுப்பின் தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள், அதற்கு இரண்டு வருடம் கழித்து 1923இல் நோர்வேயிலேயே முதலாவதாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியானது. கொக்கு இனத்தின் பெரிய பறவைகள் அங்கே கூடு கட்டும், அதிகாலையில் அவை கூப்பிடும் சத்தம் ஊதுகுழல் மாதிரிச் சதுப்பு முழுக்கக் கேட்கும். முழுச் சுற்று ஏழு கிலோமீட்டர் பக்கம், ஈரமான இடங்களில் பலகை போட்டிருக்கிறது, பிள்ளைகளுக்கு அந்தப் பலகையில் ஓடுவதே விளையாட்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை குறியிட்ட பாதையை விட்டு இறங்கத் தடை. இறங்கினால் முட்டை மிதிபடும், முழங்கால் வரை சேறும் ஆகும். நுளம்புக்கு மருந்து கொண்டுபோங்கள், எங்கள் ஊர் நுளம்பு அதற்கு முன்னால் பச்சைக் குழந்தை.

கடைசியாக ஒன்று, கேட்க வெட்கமாக இருக்கிறது. கழிப்பறை?

எல்லோரும் கடைசியில் கேட்பது இதுதான். ரயில் ஏறுமுன் வீட்டிலேயே எல்லோரையும் அனுப்புங்கள், காட்டுச் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தால் அங்கே உண்டு, பெரிய பாதைகளில் மரத்தால் செய்த குழிக் கழிப்பறை சில இடங்களில் நிற்கும். அதுவும் இல்லாத இடத்தில் பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் நன்றாகத் தள்ளிப் போய், குழி தோண்டி மூடிவிட்டு, காகிதத்தைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாத மாதம் என்றால் அதற்கும் வழியில்லை. அதனால்தான் முதலிலேயே வீட்டில் அனுப்பச் சொன்னேன்.